ஆவணப்படத்தில் வருகிறவர்களுக்குக் காசு கொடுப்பார்களா? (அப்பா கேட்டது, எனக்குப் பதில் தெரியவில்லை)

நொய்யல்மேடு எழுதியது:

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் ஒரு சுயாதீனத் திரைப்பட விழாவுக்குப் போயிருந்தேன். மூன்று நாள் விழா, அதில் அன்றைக்கு முழுக்க ஆவணப்படம் மட்டும். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர்கள் சாயங்காலம் ஆறரைக்குத்தான் எழுந்தோம். ஆறு படம். நான் மட்டும் போவதாகத்தான் இருந்தது, கிளம்புகிற நேரத்தில் அப்பா "நானும் வரட்டா கண்ணு, ஊட்ல உக்காந்து என்ன பண்றது" என்றார். "பாட்டு, சண்டை எதும் இருக்காதுங்ப்பா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "தெரியும், நியூஸ் ரீல்தான" என்றார்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். சிங்காநல்லூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 28 வருடம் ரிங் பிரேம் ஓட்டியவர். மில்லை மூடியபிறகு செக்யூரிட்டி வேலை, இப்போது வீட்டில். காது கொஞ்சம் மந்தம், அதனால் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சத்தமாகப் பேசுவார்.

இரண்டாவது படம் திருப்பூரில் பிசிர் வெட்டும் ஒரு அம்மாவைப் பற்றியது. 25 நிமிடம் இருக்கும். படத்தின் பெயர், எடுத்தவர் பெயர் எல்லாம் வேண்டாம், சின்னப் பையன், நன்றாகவே எடுத்திருந்தான். அந்த அம்மாவின் கட்டைவிரலில் பனியன் துணியைக் கிழித்துச் சுற்றியிருப்பார்கள், கத்தரி உரசி உரசி அந்தத் துணி கறுத்துப் போயிருக்கும், அதையே ரொம்ப நேரம் காட்டுவான். பேசாமல் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். மடியில் விழுந்த நூலை எழுந்திருக்கும்போது ஒரே தட்டாகத் தட்டிவிடுவார்கள். அரங்கத்தில் ஒரு சத்தமில்லை.

முடிந்ததும் கேள்வி நேரம். நாலைந்து பேர் ஒளியமைப்பு, ஒலி, "உங்கள் அரசியல் என்ன" என்றெல்லாம் கேட்டார்கள். அப்புறம் அப்பா கையைத் தூக்கினார். எனக்குத் திக்கென்றது. மைக்கை வாங்கி, "தம்பி, அந்தப் பொம்பளைக்கு எத்தன குடுத்தீங்க?" என்றார்.

சிலர் சிரித்தார்கள். அந்தப் பையன் மரியாதையாகத்தான் சொன்னான்: "நாங்க காசு குடுக்கறதில்லைங்க ஐயா. காசு குடுத்தா அது ஆவணப்படம் இல்லை, குடுக்காம இருக்கறதுதான் அறம்." அதற்குக் கைதட்டல் வேறு. அப்பா "செரி" என்று உட்கார்ந்துவிட்டார்.

மதியம் ராகுல் ஜெயின் எடுத்த 'மெஷின்ஸ்' போட்டார்கள், 2016-இல் வந்த படம், குஜராத்தில் சூரத் பக்கம் ஒரு பெரிய துணி ஆலைக்குள்ளேயே சுற்றும். அதில் ஒரு பையன் மெஷின் முன்னால் நின்றபடியே தூங்கி விழுவான். அப்பா சத்தமாக, "முழு நைட்டு. மூணு மணிக்கு மேல அப்படித்தான் இருக்கும்" என்றார். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். படம் முடியப் போகிற சமயத்தில் தொழிலாளர்கள் கூட்டமாகக் கேமராவைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர், நீங்கள் வருகிறீர்கள், எங்கள் கஷ்டத்தைக் கேட்கிறீர்கள், போய்விடுகிறீர்கள், நாங்கள் என்ன செய்யணும் என்று சொல்லுங்கள், செய்கிறோம் என்கிற மாதிரி கேட்பார். அப்பா என் முழங்கையில் இடித்து, "நான் கேட்டதத்தான் அவனும் கேக்கறான் பாரு" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "ஒருத்தரு ஊட்டுக்குப் போனா வெறுங்கையோட போவமா கண்ணு?"

எனக்கு அது மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆவணப்படம் எடுப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். நிஜமாகவே கொடுக்கக்கூடாது என்று விதி இருக்கிறதா? இல்லை, காசு இல்லாததற்கு அறம் என்று பெயரா?

—

ஒத்தைக்கேமரா எழுதியது:

ஈரோட்டுக்காரன். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறேன், அந்தக் காசில் ஆவணப்படம் எடுக்கிறேன். 52 நிமிடத்தில் ஒரே ஒரு படம் முடித்திருக்கிறேன், அதற்கு நாலு வருடம் ஆனது, அதில் முகூர்த்தம் இல்லாத மாதங்களில்தான் படப்பிடிப்பு (ஆடி, மார்கழி எனக்கு ரொம்ப ராசி).

முதலில் அந்தப் பையன் பக்கம் நின்று ஒன்று சொல்கிறேன். காசு கொடுத்துப் பேசச் சொல்லக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆரம்பத்தில் தறிக்காரர் ஒருவரிடம் பேட்டி எடுக்கப் போனபோது, காலையிலேயே கையில் ஐந்நூறு ரூபாய் வைத்துவிட்டேன். கேமராவை ஓடவிட்டதும் அவர், "என்ன சொல்லோணும்னு சொல்லுங்க, சொல்லிப்போடறேன்" என்றார். முந்தின நாள் திண்ணையில் மணிக்கணக்காகத் தன் பாட்டுக்குப் பேசிய மனுஷன். எனக்கு என்ன வேண்டுமோ அதையே அன்றைக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னார், ஒரு நிமிடம்கூடப் படத்தில் வைக்க முடியவில்லை. இன்னொரு ஆபத்து, "காசு வாங்கிட்டுத்தான பேசினே" என்று நாளைக்கு எதிர்ப்பக்கம் ஒரே வரியில் அவர் சொன்ன எல்லாவற்றையும் அடித்துவிடும்.

ஆனால் "கொடுக்கவே கூடாது, அதுதான் அறம்" என்பதை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேச்சுக்குக் காசு வேறு, நேரத்துக்குக் காசு வேறு. பிசிர் வெட்டுவது பீஸ் ரேட் வேலை. நீங்கள் குறுக்கே நின்று "அம்மா, இன்னொரு தடவை அந்தக் கதவைத் திறந்துகிட்டு வாங்க" என்று சொன்னால் அத்தனை பீஸ் அவர்களுக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தையாவது எடுத்தவன் ஏற்கணும். நான் இப்போது செய்வது இதுதான்: யாருக்காவது வேலை கெட்டால் ஒரு ஷிப்டுச் சம்பளம், ஒன்றரை ஷிப்டு கெட்டால் ஒன்றரை, அதை எடுக்கும் நாளில் கொடுப்பதில்லை, எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் போய்க் கொடுக்கிறேன். பேட்டிக்கு இல்லை, கெட்ட வேலைக்கு என்று சொல்லியே கொடுப்பேன். சிலர் வாங்க மாட்டார்கள், அப்போது குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம், ஒரு சிப்பம் அரிசி, இப்படி ஏதாவது. உங்கள் அப்பா சொன்ன வெறுங்கை விஷயம் சரியான பேச்சு, அதை அவர் கேள்வி நேரத்தில் மைக்கில் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

அப்புறம், படம் முடிந்ததும் முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டணும். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். மதுரையில் அமுதன் ஆர்.பி. 1998-இலிருந்து ஆவணப்பட விழா நடத்துகிறார், அங்கே போய் உட்கார்ந்துதான் இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டேன். எங்கள் ஊரில் ஒரு தறிக்குடோனில் வேட்டியைத் திரையாகக் கட்டி என் படத்தைப் போட்டேன். ஒருவர் எழுந்து, "நான் சொன்னதுல பாதிய வெட்டிப்போட்டீங்க" என்றார். அந்தப் பாதியில் ஒரு பாதியைத் திரும்பச் சேர்த்தேன். படம் மூன்று நிமிடம் நீண்டது, விழாக்காரர்கள் நீளம் என்றார்கள், போகட்டும்.

முதுமலை யானைப் படம் ('தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்') 2023-இல் ஆஸ்கர் வாங்கிய பிறகு இதே காசு விஷயம் பத்திரிகையில் அடிபட்டது. படத்தில் வந்தவர்களும் எடுத்தவர்களும் வேறு வேறு சொன்னார்கள், எது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம் ஒன்றே ஒன்று, படம் பெரிதாகப் போனால் என்ன என்பதை எடுப்பதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடணும். அப்போது யாருக்கும் அது பெரிதாகப் போகும் என்று நம்பிக்கை இருக்காது, அதுதான் சிக்கல்.

—

பவர்டேபிள் எழுதியது:

திருப்பூர். சின்ன யூனிட் வைத்திருக்கிறேன், ஜாப் ஒர்க்தான்.

காசு கொடுத்தார்களா என்று எல்லோரும் பேசுகிறீர்கள். அந்த அம்மாவுக்கு இன்னும் வேலை இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? படத்தில் சுவர், போர்டு, பீஸில் இருக்கிற லேபிள் தெரிந்தால் போதும், எந்த பையருக்கு (வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற கம்பெனிக்கு) போகிற சரக்கு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த வாரம் ஆடிட். முதலாளி பயத்தில் முதலில் வேலையை விட்டு அனுப்புவது அந்த அம்மாவைத்தான். படம் எடுத்தவனுக்குச் சான்றிதழ், எங்களுக்கு நோட்டீஸ், அவர்களுக்கு வேறு கம்பெனி தேடுகிற வேலை.

2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடியபோது ஊருக்குள் கேமரா தூக்கிக்கொண்டு வராத ஆள் கிடையாது. தப்பு எங்கள் பக்கம் இருந்தது, நொய்யல் ஆற்றை நாங்கள்தான் கெடுத்தோம், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத்தண்ணீரை நான் கண்ணால் பார்த்தவன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்போது வேலை இல்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறிய ஆட்களை அதில் எத்தனை பேர் திரும்பப் போய்ப் பார்த்தார்கள்?

"காலேஜ் ப்ராஜெக்ட்டுங்க" என்று சொல்லி என் யூனிட்டுக்குள்ளேயும் ஒரு தடவை வந்திருக்கிறார்கள். டீ வாங்கிக் கொடுத்தேன்.

—

டிலைட்வாசல் எழுதியது:

பவர்டேபிள், கோபப்படாதீர்கள், நீங்கள் டீ வாங்கிக் கொடுத்தது வீண் போகாது, எங்காவது ஒரு படத்தில் அந்த டம்ளர் இருக்கும் :)

நொய்யல்மேடு, உங்கள் அப்பா "நியூஸ் ரீல்தான" என்றது வெறும் பேச்சில்லை. 1948-இல் பிலிம்ஸ் டிவிஷன் ஆரம்பித்த பிறகு பல வருடங்களுக்கு எந்தத் தியேட்டராக இருந்தாலும் மெயின் படத்துக்கு முன்னால் அவர்களுடைய நியூஸ் ரீலோ ஆவணப்படமோ ஓட்டியே ஆகணும், அது தியேட்டர் லைசென்ஸின் நிபந்தனை. அதற்குத் தியேட்டர்காரர் வாடகையும் கட்டணும். நான் கோவையில் படம் பார்த்து வளர்ந்த காலத்தில் அந்தப் பத்து நிமிடம் என்பது முறுக்கு வாங்க, சைக்கிளைப் பூட்டினோமா என்று ஓடிப்போய்ப் பார்க்க ஒதுக்கிய நேரம். எங்கோ வெள்ளம் வரும், அமைச்சர் அணை திறப்பார், அடித்தொண்டையில் ஒரு குரல் விவரிக்கும். அதில் வந்த ஆட்கள் யாருக்காகவும் யாரும் எதுவும் கேட்கவில்லை. "எத்தன குடுத்தீங்க" என்று கேட்கத் தோன்றியிருக்கிறது என்றால் உங்கள் அப்பா அந்த அம்மாவை ஒரு ஆளாகப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் பையனுக்கு அன்றைக்குக் கிடைத்த நல்ல பாராட்டு அதுதான், அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ.

இந்த "அறம்" பற்றி. எந்த ஊர் விதியும் இல்லை. 1895-இல் லூமியேர் சகோதரர்கள் எடுத்த முதல் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலை விட்டுத் தொழிலாளர்கள் வெளியே வருவார்கள், அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட இல்லை. அது பிரான்சில் லியோன் நகரத்தில் அவர்களுடைய சொந்த ஆலை. கேமரா முதலாளியுடையது, வாசலில் நடப்பவர்கள் அவரிடம் கூலி வாங்குகிறவர்கள். அதையும் ஒரே தடவையில் எடுக்கவில்லை, மூன்று வடிவம் இருக்கிறது, போகச் சொல்லித் திரும்ப வரச் சொல்லி எடுத்ததுதான். சிங்காநல்லூரில் சங்கு ஊதி கேட் திறந்து சைக்கிளில் கூட்டம் வருமே, அதேதான். 1922-இல் பிளாஹர்டி என்ற அமெரிக்கர் கனடாவின் பனிப்பகுதி மக்களைப் பற்றி எடுத்த 'நானூக்' படத்துக்குக் காசு போட்டது ஒரு ரோம வியாபாரக் கம்பெனி. பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று பாதி வீடு மட்டும் கட்டி அதற்குள் குடும்பத்தைத் தூங்கச் சொல்லி எடுத்தார். கதாநாயகனுடைய பெயரே நானூக் இல்லை. ஆவணப்படத்துக்குத் தாத்தா என்று பாடம் நடத்துகிற படத்தின் கதை இது. ஆகவே காசு கொடுத்தால் ஆவணப்படம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

(சம்பந்தமில்லாமல் ஒன்று: திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் படம் காட்டினார். அப்புறம் 1914-இல் நம்ம ஊரில் வெரைட்டி ஹால் தியேட்டர் கட்டினார், பின்னாளில் அதுதான் டிலைட். என் பெயர்க் காரணம் கேட்டவர்களுக்காக.)

ஒத்தைக்கேமரா சொன்ன "ஒரு மாதம் கழித்துக் கொடுப்பது" நல்ல யோசனை. மொய் மாதிரி எழுதி வைத்துக்கொள்ளலாம்.

—

ஞாயிறுடூட்டி எழுதியது:

அந்த விழாவில் தன்னார்வலராக இருந்தேன், இதைப் படித்ததும் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. ஐயா கேள்வி கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது, மைக்கை அவர் கையில் கொடுத்ததே நான்தான். மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது, அரங்கத்தை நேரத்துக்கு விடணும், அதனால் அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். அதற்கு மேல் பேச விட்டிருக்கணும்.

வசூலில் பங்கு கொடுக்கலாமே என்று யாராவது கேட்பார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வசூலே கிடையாது. சென்சார் சான்றிதழ் இல்லாத படத்தை விழாவில் போட மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு வாங்கணும். வியாபார நோக்கமில்லாமல், பதிவு செய்தவர்களுக்கு மட்டும் என்றால்தான் அது கிடைக்கும். டிக்கெட் விற்க முடியாது. எடுத்தவர்களுக்கே பஸ் காசும் ராத்திரி தங்க ஒரு அறையும்தான் எங்களால் கொடுக்க முடிந்தது. அந்தப் பையன் கடைசி நாள் வரை இருந்து எங்களோடு நாற்காலி அடுக்கினான்.

அவனிடம் இந்தப் பதிவைக் காட்டினேன். அந்த அம்மா அவனுக்குச் சொந்தப் பெரியம்மாவாம். "அதை மேடைல சொன்னா இன்னும் சிரிப்பாங்கன்னு சொல்லலை" என்றான்.

—

நொய்யல்மேடு எழுதியது:

ஐயோ. பெரியம்மாவா. இப்போதே அப்பாவிடம் சொன்னேன். "அப்ப காசு வாங்க மாட்டா. சேலை எடுத்துக் குடுக்கச் சொல்லு" என்கிறார்.

—

பஞ்சுமிட்டாய் எழுதியது:

நான் சாதாரணமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை.

என் அம்மா ஒரு ஆவணப்படத்தில் இருக்கிறார். உடுமலை பக்கம் ஒரு மில்லில் கோன் வைண்டிங்கில் இருந்தார், அப்போது எனக்கு எட்டு வயது, 2007 அல்லது 2008. மில்லுக்குள் விடவில்லை என்று வீட்டுக்கு வந்தார்கள், மூன்று பேர். ஒரு அக்கா மட்டும் தமிழ் பேசினார், மற்ற இருவரும் ஆங்கிலம். அம்மா முழு நைட்டு முடித்து வந்து தூங்காமல் அவர்களுக்காக உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் நாலே டம்ளர், அதனால் நானும் தம்பியும் அப்புறம் குடிக்கலாம் என்று அவர்களுக்கு முதலில் காபி கொடுத்தார். அடுப்பு முன்னால் அம்மா காபி ஆற்றுவதை எடுத்தார்கள், "இன்னொரு தடவை ஆத்துங்க" என்றார்கள், ஆற ஆற மூன்று தடவை ஆற்றினார். அது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் கடைசியில் அது பச்சைத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது, அதையும் அவர்கள் குடித்தார்கள்.

சிடி அனுப்புகிறோம் என்றார்கள். அம்மா போஸ்ட்மேனிடம் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார். காசு கொடுக்கவில்லை, அதைப் பற்றி அம்மா ஒரு தடவைகூடப் பேசியதில்லை. சிடியைப் பற்றித்தான் பேசுவார்.

அம்மா தவறி நாலு வருடம் ஆகிறது. எங்களிடம் அவர் பேசுகிற வீடியோ ஒன்றுகூடக் கிடையாது, போட்டோதான். ஒத்தைக்கேமரா அண்ணா, இந்த மாதிரி பழைய படத்தை எப்படித் தேடுவது? பெயர்கூடத் தெரியாது.

—

ஒத்தைக்கேமரா எழுதியது:

தேடலாம்மா. 2007, 2008-இல் மில் பெண்களைப் பற்றி இந்தப் பக்கம் எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க மாட்டார்கள். பாதிப் பேர் ஏதாவது தொண்டு நிறுவனத்துக்காக எடுத்திருப்பார்கள், அந்தப் படங்கள் அவர்கள் அலுவலக அலமாரியில் டேப்பாகக் கிடக்கும். படத்தில் வராத துண்டுகளும் அதே டேப்பில் இருக்கும். சில விஷயம் சொல்லுங்கள்: ஊர் பெயர், மில்லின் பெயர் (இங்கே வேண்டாம், தனிச் செய்தியில்), வந்தது வெயில் காலமா மழைக் காலமா, கேமரா தோளில் வைக்கிற மாதிரிப் பெரியதா, கைக்குள் அடங்குகிற மாதிரிச் சின்னதா? சின்னது என்றால் மினி-டிவி (MiniDV) என்கிற சின்ன வீடியோ டேப், அது எங்கே போயிருக்கும் என்று ஓரளவு சொல்ல முடியும். தமிழ் பேசிய அக்கா கோவைப் பேச்சா, மெட்ராஸ் பேச்சா?

—

பஞ்சுமிட்டாய் எழுதியது:

சின்னக் கேமராங்கண்ணா. மழைக் காலம், கூரையில் ஒழுகுகிற இடத்தில் போசி வைத்திருந்தோம், டொக் டொக் என்று சத்தம் வருகிறது என்று அதை எடுக்கச் சொன்னார்கள், எடுத்ததும் தரையெல்லாம் தண்ணீர். அந்த அக்கா "ஏனுங்க"ன்னுதான் பேசினார், நம்ம பக்கம்தான். மற்றதைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

—

டிலைட்வாசல் எழுதியது:

அந்தக் காலத்தில் கோவையில் இருந்து மொழிபெயர்க்கப் போன பெண்கள் இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். இன்றைக்கு ராத்திரியே போன் போடுகிறேன்.

—

நொய்யல்மேடு எழுதியது:

கிடைத்தால் சொல்லுங்கள். அப்பா வருகிறேன் என்கிறார், எந்த ஊராக இருந்தாலும். காபிப்பொடி நான் வாங்கிட்டு வந்திடறேன்னு சொல்லச் சொன்னார்.